வீட்டிலிருந்தே குழந்தைகளுக்கு இணையவழி ஆங்கிலம்: குமுளி போன்ற மலை ஊர்களில் வகுப்பிடத்தை அமைப்பது எப்படி?

குமுளி: இணையம் வழியாகக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பது, ஊரைவிட்டு வெளியேறாமல் செய்யக்கூடிய தொழில்களுள் ஒன்றாகியுள்ளது. அதற்கான இடத்தை வீட்டில் ஒதுக்கும்போது வண்ணச் சுவர், எழுத்துப் படங்கள், வட்ட விளக்கு ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள குமுளி போன்ற ஊர்களில் வகுப்பைக் கெடுப்பவை வேறு. தகரக் கூரையில் விழும் மழை, மாலை நேர இடிமின்னல், திடீர் மின்தடை, மலை மறைக்கும் கைபேசி அலை ஆகியவையே அவை. எனவே இங்கு இடம் அமைப்போர் முதலில் ஒலிக்கும், அடுத்து மின்சாரத்துக்கும் இணைப்புக்கும், இறுதியாகவே அலங்காரத்துக்கும் செலவிடுவது பயன் தரும்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், கொல்லம் - தேனி தேசிய நெடுஞ்சாலையில் பீர்மேடு தாலுகாவில் குமுளி அமைந்துள்ளது. ஒரு பக்கம் தேக்கடியும் பெரியாறு புலிகள் காப்பகமும், மறுபக்கம் லோயர் கேம்ப்புக்கு இறங்கும் மலைச்சாலையும் உள்ளன. ஏலத் தோட்டங்கள், நறுமணப் பொருள் வணிகம், சுற்றுலா ஆகியவற்றைச் சார்ந்த இப்பகுதியில் தமிழும் மலையாளமும் அன்றாடம் புழங்குகின்றன. இரு மொழிக் குழந்தைகளுக்கும் விளக்கிச் சொல்லக்கூடியவர்கள் இங்கு இருப்பது இத்தொழிலுக்கு ஒரு வலிமையாகும்.

வீடே வகுப்பறையான பின்னணி

வீட்டின் ஒரு மூலையை இணைய வகுப்பறையாக மாற்றும் வழக்கம் பரவியதில் சீன நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘விஐபிகிட்’ நிறுவனம், அமெரிக்கா மற்றும் கனடாவில் வசிக்கும் ஆசிரியர்களைச் சீனக் குழந்தைகளுடன் இணைத்தது. ஓர் ஆசிரியர், ஒரு குழந்தை, 25 நிமிட வகுப்பு என்பது அதன் முறை. ஆசிரியருக்குப் பின்னால் வண்ணப் பின்னணி, நட்சத்திரப் பரிசு அட்டை, கைப்பொம்மை ஆகியவை இடம்பெறும் தோற்றம் அங்கிருந்தே பரவலாக அறிமுகமானது. 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிக்கு வெளியேயான தனிப்பயிற்சிக்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்து, வெளிநாட்டில் இருந்தபடி கற்பிக்கும் ஆசிரியர்களை அமர்த்தவும் தடை செய்தது. அச்சந்தையை மட்டும் நம்பியிருந்த வீட்டு ஆசிரியர்கள் பலர் வருவாயை இழந்தனர். ஒரே நிறுவனத்தையோ ஒரே நாட்டையோ நம்பி வீட்டில் பெருஞ்செலவு செய்யக்கூடாது என்பதற்கு அது ஒரு சான்று.

கேரளத்தில் கொரோனா காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, ‘கைட் விக்டர்ஸ்’ தொலைக்காட்சி வழியாக ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழி மாணவர்களுக்கும் தனி வகுப்புகள் தயாரிக்கப்பட்டன. அதே காலத்தில் இடுக்கியின் தோட்டப் பகுதிகளில் மாணவர்கள் சிக்னல் தேடி மேடுகளுக்கும் சாலையோரங்களுக்கும் சென்றது செய்தியானது. பாடம் சிறப்பாக இருந்தாலும் இணைப்பு இல்லையெனில் அது குழந்தையைச் சென்றடையாது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

ஒலியே ஏன் முதன்மை?

கணக்கைத் திரையில் எழுதிக்காட்டி ஓரளவு விளக்கிவிடலாம். மொழியை, குறிப்பாகச் சிறு குழந்தைகளுக்கு, காதின் வழியாகவே கற்பிக்க வேண்டியுள்ளது. தமிழ் எழுத்தில் ‘ப’ என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளைக் குறிக்கிறது. ‘ஃப’ என்னும் ஒலி தமிழில் இயல்பாக இல்லை. இதனால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்குப் ‘பேன்’ என்ற சட்டி, ‘ஃபேன்’ என்ற விசிறி, ‘வேன்’ என்ற வாகனம் ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களையும் பிரித்தறியத் தெளிவான ஒலி தேவை. ‘சிப்’, ‘ஷிப்’, ‘ஸிப்’ ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்த ஒலிகளே இணையத்தில் முதலில் மங்குபவை. ‘ஃப்’, ‘ஸ்’ போன்ற காற்றொலிகளின் ஆற்றல் பெருமளவு உயர் அதிர்வெண்களில் உள்ளது. பழைய தொலைபேசி அழைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தின. தொலைபேசியில் பெயரின் எழுத்தைச் சொல்லும்போது ‘எஃப்’ என்பதும் ‘எஸ்’ என்பதும் குழம்பியதற்கு இதுவே காரணம். தரமற்ற மைக்கும் இரைச்சல் மிகுந்த அறையும் இதே குழப்பத்தை வகுப்பில் உருவாக்குகின்றன. குழந்தை தவறாகக் கேட்டால் தவறாகவே திருப்பிச் சொல்லும். அந்தப் பிழை கூரையால் நேர்ந்ததா, பழக்கத்தால் நேர்ந்ததா என்று ஆசிரியராலும் அறிய இயலாது.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

குமுளி வட்டாரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ உள்ள அறையில் கனமழையின்போது பேச்சே கேட்காது. வீட்டில் ஒரே ஓர் அறைக்குக் கான்கிரீட் தளம் இருந்தால், அது சிறியதாயினும் அதையே வகுப்புக்கு ஒதுக்குவது நல்லது. தோட்ட லயங்களில் வசிப்போருக்கு அந்த வாய்ப்பு இல்லாதபோது, கூரைக்குக் கீழே உட்கூரை அமைப்பதும், இரண்டுக்கும் இடையே காற்றிடைவெளி விடுவதும் இரைச்சலைக் குறைக்கும். முழுமையாக நீக்காது. எனவே மழைநாளுக்கு உறவினர் அல்லது அண்டை வீட்டின் தள அறை ஒன்றை முன்கூட்டியே பேசி வைப்பது நடைமுறைக்கு உகந்தது.

சாலையோர வீடுகளில் சுற்றுலா வாகனங்களின் ஒலி மற்றொரு சிக்கல். சாலைக்கு எதிர்ப்புறமுள்ள அறையே பொருத்தமானது. சமையலறையை ஒட்டிய அறையில் குக்கர், மிக்ஸி ஒலிகள் நுழையும். அறையின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டினால் எதிரொலி தெரியும். வெற்றுச் சுவர்களும் சிமென்ட் தரையும் கொண்ட அறையில் ஒலி மோதித் திரும்பி, சொல்லின் கடைசி மெய்யெழுத்தை விழுங்கிவிடும். இதற்கு விலையுயர்ந்த நுரைப் பலகைகள் தேவையில்லை. தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, ஆசிரியர் பார்க்கும் திசையிலுள்ள சுவரில் தொங்கவிட்ட பழைய போர்வை, துணிகள் நிறைந்த அலமாரி ஆகியவை எதிரொலியைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் இவை வெளியிலிருந்து வரும் மழை ஒலியைத் தடுக்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதற்குக் கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைப்பதே வழி.

எந்த மைக் ஏற்றது?

மடிக்கணினியின் உள்ளே இருக்கும் மைக் வாயிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி இருப்பதால் அறையின் எல்லா ஒலிகளையும் சேர்த்து வாங்குகிறது. வாய்க்கு அருகில் நிற்கும் மைக் உடைய, கம்பியுள்ள ஹெட்செட் எளிய தீர்வு. மைக்கை வாய்க்கு நேர் முன்னால் வைக்காமல், கன்னத்தின் ஓரமாக இரண்டு விரல் தள்ளி வைத்தால் மூச்சுக்காற்று மோதும் ஒலி விழாது.

புளூடூத் ஹெட்செட்டுகள் பலவற்றில், மைக் இயங்கத் தொடங்கியதும் ஒலித்தரம் குறைந்துவிடும். ஒலி சற்றுத் தாமதமாகவும் செல்லும். ஆசிரியர் சொல்ல, குழந்தை உடனே திருப்பிச் சொல்லும் பயிற்சிக்கு இது இடையூறு. ஜூம் போன்ற செயலிகளில் உள்ள இரைச்சல் நீக்கும் வசதியை மிக உயர்ந்த அளவில் வைத்தால், ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற மெல்லிய ஒலிகளும் இரைச்சலோடு சேர்ந்து மங்கக்கூடும். மழை இல்லாத நாளில் அதைக் குறைத்து வைப்பது நல்லது.

மின்சாரமும் மாலை நேர இடியும்

பள்ளிக் குழந்தைகளுக்கான வகுப்புகள் பெரும்பாலும் மாலை 4 மணிக்குப் பின்னரே நடைபெறும். கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் இடிமின்னல் எச்சரிக்கைகளில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரையிலான நேரம் குறிப்பாகச் சுட்டப்படுவது வழக்கம். வருவாய் ஈட்டும் நேரமும் இடி இடிக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதே இங்குள்ள முதன்மைச் சிக்கல். இடிமின்னலின்போது மின்கருவிகளின் இணைப்பைத் துண்டிக்குமாறு ஆணையம் அறிவுறுத்துகிறது.

எனவே வானம் கறுத்ததும் மடிக்கணினியின் சார்ஜர், மோடத்தின் அடாப்டர் ஆகியவற்றைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு மின்கலத்தில் வகுப்பைத் தொடரும் வகையில் ஏற்பாடு இருக்க வேண்டும். மடிக்கணினியின் மின்கலம் ஒரு வகுப்பு முழுவதும் தாங்குகிறதா என்பதை மாதம் ஒருமுறை சோதிப்பது அவசியம். மோடத்துக்கென்று சிறிய யுபிஎஸ் கருவிகள் கிடைக்கின்றன. பல மோடங்கள் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. எனினும் மோடத்தின் அடியில் அச்சிடப்பட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து, அவற்றுக்குப் பொருந்தும் கருவியையே வாங்க வேண்டும். வீடு முழுவதற்குமான இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கும் இது குறைந்த செலவில் கைகொடுக்கும்.

மின்சாரம் நின்றால் இணையமும் நிற்கும் என்று பலர் கருதுகின்றனர். வீடு வரை கண்ணாடி இழை வரும் இணைப்பில், நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒளியைப் பிரித்தளிக்கும் பகுதிகளுக்குப் பொதுவாக மின்சாரம் தேவைப்படுவதில்லை. நிலையத்தில் மின்சாரமும் வீட்டு மோடத்துக்கு மின்கலமும் இருந்தால், தெருவே இருண்டாலும் வகுப்பு தொடரும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், அதன் வழியாக மின்னல் பாய்ந்து கருவி எரியும் ஆபத்து செம்புக் கம்பி இணைப்பைவிடக் குறைவு. மின்கம்பி அறுந்து விழுதல் போன்ற நேர்வுகளை மின்வாரியத்தின் 1912 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

இணைய இணைப்பு: பதிவேற்ற வேகமே கவனிக்கத்தக்கது

இணைப்புத் திட்ட விளம்பரங்களில் பெரிதாகக் காணப்படுவது பதிவிறக்க வேகம். ஆனால் கற்பிப்பவரின் குரலும் முகமும் குழந்தையைச் சென்றடைவது பதிவேற்ற வேகத்தால். இருவர் மட்டும் பங்கேற்கும் ஜூம் வகுப்பில் தெளிவான காணொளிக்கு நொடிக்கு 1.2 மெகாபிட் போதுமானது. வேகம் அதிகமாக இருப்பதைவிட, அது ஏறி இறங்காமல் நிலையாக இருப்பதே முக்கியம். குரல் ஒரு திசையில் சென்றடைய 150 மில்லிநொடிக்கு மேல் ஆகாதிருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

கேரள அரசின் ‘கே-ஃபோன்’ கண்ணாடி இழைத் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்துள்ளது குறிப்பிடத்தக்கது. எனினும் மலைப்பகுதியில் அடுத்தடுத்த வீடுகளுக்கிடையே கூட இணைப்பு வசதி வேறுபடலாம். அதனால் அண்டை வீட்டில் எந்த நிறுவனத்தின் இணைப்பு, மழைக்காலத்தில் எவ்வாறு இயங்குகிறது என்று விசாரித்த பின்னரே ஆண்டுச் சந்தா செலுத்த வேண்டும்.

மாற்று ஏற்பாடாக, வேறொரு நிறுவனத்தின் சிம் கார்டு கொண்ட கைபேசியைத் தயாராக வைத்திருக்கலாம். மேட்டுக்கு அப்பால் கோபுரம் இருந்தால் அலை தடைபடும் என்பதால், வீட்டின் எந்த ஜன்னலோரம் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்பதை முன்பே குறித்து வைக்க வேண்டும். இணைப்பு தளரும்போது முதலில் தன் காணொளியை நிறுத்தி, குரலை மட்டும் தொடர்வதே சரியான வரிசை.

வெளிச்சமும் சுவரும்

‘ஃப்’ ஒலிக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடுவதையும், ‘ப்’ ஒலிக்கு இரு உதடுகளும் சேர்வதையும் குழந்தை கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் வெளிச்சத்தின் நோக்கம் அழகு அன்று, வாயசைவு தெரிவதேயாகும். ஜன்னல் ஆசிரியரின் முகத்துக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ இருக்கலாம். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். மூடுபனியும் மழைமேகமும் பகலிலேயே ஒளியைக் குறைப்பதால், ஜன்னலை மட்டும் நம்பாமல் முகத்துக்கு எதிரே ஒரு வெள்ளை எல்இடி விளக்கையும் பொருத்த வேண்டும். அதன் ஒளியை நேரடியாக முகத்தில் விழச் செய்யாமல், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பச் செய்தால் கண் கூசாது.

கேமரா கண்மட்டத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியின் கீழே நான்கைந்து தடித்த புத்தகங்களை அடுக்கினாலே போதும். சொல்லோடு உடலசைவையும் இணைத்துக் கற்பிக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் உருவாக்கினார். ‘நில்’, ‘உட்கார்’, ‘குதி’ போன்ற சொற்களை அசைவோடு கற்பிக்கும் அம்முறையைப் பின்பற்ற, ஆசிரியரின் இரு கைகளும் திரையில் தெரியும் அளவுக்கு இடைவெளி தேவை.

பின்னணிச் சுவரில் ஒரே நிறத் துணியும் ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் போதுமானவை. எல்லா எழுத்துகளும் படங்களும் நிறைந்த சுவர் சிறு குழந்தையின் கவனத்தைச் சிதறடிக்கும். அன்றைய பாடத்துக்குரிய இரண்டு மூன்று பொருள்களை மட்டும் கையருகே வைக்கலாம். ஏலக்காய், மிளகு, யானை பொம்மை என்று குழந்தை வீட்டில் பார்த்துப் பழகிய பொருள்கள் இதற்குப் பெரிதும் உதவும். ஈரப்பதம் மிகுந்த ஊர் என்பதால், பயன்படுத்தாத நேரத்தில் கேமராவையும் மைக்கையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைப்பது பூஞ்சையிலிருந்து காக்கும்.

எவ்வளவு நேரம், எந்த நேரம்?

மத்தியக் கல்வி அமைச்சகம் 2020 ஜூலையில் வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல்கள், மழலையர் வகுப்புக்கு நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மிகாமலும், 1 முதல் 8ஆம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மிகாமலும் நேரடி இணைய வகுப்பைப் பரிந்துரைத்தன. அவை பள்ளிகளுக்காக வகுக்கப்பட்டவை எனினும், வீட்டு ஆசிரியர்களுக்கும் நல்ல அளவுகோலாகும். ஜூமின் இலவசக் கணக்கில் வகுப்பு 40 நிமிடத்தில் நின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளலாம்.

வெளிநாடுவாழ் தமிழ், மலையாளக் குடும்பங்களின் குழந்தைகளுக்குக் கற்பிப்போருக்கு நேர வேறுபாடு ஒரு வசதியைத் தருகிறது. சிங்கப்பூரில் மாலை 5 மணி என்பது இந்தியாவில் பிற்பகல் 2.30. துபாயில் மாலை 5 மணி என்பது இங்கு மாலை 6.30, கத்தார், குவைத், சவுதி அரேபியாவில் அதே நேரம் இங்கு இரவு 7.30. உள்ளூர் வகுப்புகளோடு இவை மோதாமல் அட்டவணை அமைக்கலாம்.

குழந்தைகளின் பாதுகாப்பு

வகுப்பு நடக்கும் அறை மூடிய தனியறையாக இருப்பினும், மறுமுனையில் குழந்தையின் அருகே பெற்றோரோ பெரியவரோ இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே விதியாக்குவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. தகவல் பரிமாற்றம் அனைத்தும் பெற்றோரின் எண் வழியாகவே நடைபெற வேண்டும். எழுத்துபூர்வ ஒப்புதலின்றி வகுப்பைப் பதிவு செய்வதும், குழந்தையின் முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதும் கூடாது. 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வகை செய்கிறது.

ஆசிரியரின் வீட்டிலும் கவனம் தேவை. குடும்பத்தினர் கேமராவின் எல்லைக்குள் நடமாடாதபடி மேசையின் திசை அமைய வேண்டும். திரையில் குழந்தை துன்புறுத்தப்படுவதற்கான அறிகுறி தென்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயமாக்கியுள்ளது.

யார் நடத்தலாம்? வரி உண்டா?

பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் தனிப்பயிற்சியில் ஈடுபடக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு கூறுகிறது. எனவே பள்ளிப் பணியில் உள்ளோர் இத்தொழிலைத் தொடங்கும் முன் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தனிப்பயிற்சி, சரக்கு மற்றும் சேவை வரிக்கு உட்பட்ட சேவையாகும். எனினும் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பதிவு செய்யத் தேவையில்லை. குமுளியில் இருந்தபடி எல்லைக்கு அப்பால் தேனி மாவட்டக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது மாநிலங்களுக்கு இடையேயான சேவையாகக் கருதப்படும். அத்தகைய சேவைக்கும் இதே வரம்பு பொருந்தும் என்று 2017 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. வருமான வரிக் கணக்குக்காகக் கட்டண ரசீதுகளைத் தேதிவாரியாக வைத்திருப்பது நல்லது.

தொடங்கும் முன் ஒரு சோதனை

பணம் செலவிடும் வரிசை இவ்வாறு அமையலாம்: முதலில் கம்பியுள்ள ஹெட்செட்டும் அறையின் எதிரொலியைக் குறைக்கும் துணிகளும், இரண்டாவதாக மோடத்துக்கான யுபிஎஸ், மூன்றாவதாக மாற்று சிம், நான்காவதாக விளக்கு, கடைசியாகப் பின்னணி அலங்காரம்.

இவை தயாரானதும், மழை பெய்யும் ஒரு மாலையில், மோடத்தையும் மடிக்கணினியையும் மின்கலத்தில் இயக்கி, வேறொரு வீட்டில் இருக்கும் ஒருவரை அழைத்து 25 நிமிடம் பேசிப் பார்க்க வேண்டும். ‘பேன்’, ‘ஃபேன்’, ‘வேன்’ போன்ற பத்துச் சொற்களை வரிசை மாற்றிச் சொல்லி, மறுமுனையில் இருப்பவரை எழுதச் சொல்லலாம். அவர் பத்தையும் சரியாக எழுதினால் வகுப்பைத் தொடங்கலாம். பிழைகள் இருந்தால், எந்த ஒலிகள் தவறின என்று பார்த்து மைக், கூரை, இணைப்பு ஆகியவற்றை அதே வரிசையில் சரிசெய்துவிட்டு மற்றொரு மழை நாளில் மீண்டும் சோதிக்க வேண்டும்.